பழைய லான்ட்மாஸ்டர் வாங்குமுன்: அறிகுறியும் பழுதும்

லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கப் போனால், விலைக் கதையைத் தொடங்க முதல் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "அண்ணன், இண்டைக்கு நேரமில்லை. நாளைக்குக் காலமை வாறன். நான் வந்தாப் பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். ஒரு தரம் ஓடிச் சூடேறிய பழைய டீசல் எஞ்சின் அரைச் சுற்றில் பற்றும். அதே எஞ்சின் இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்தால் காலையில் மூன்று பேரை வியர்க்க வைக்கும். விற்கிறவருக்கு இது தெரியும். அதனால்தான் ஆள் வருகிறது என்றதும் பத்து நிமிடம் ஓடவிட்டு வைக்கிறார்கள்.

திருகோணமலைப் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு நான்கு சில்லு உழவு இயந்திரம் அளவுக்கு மிஞ்சிய சட்டை. தம்பலகாமத்தில் வரம்புக்கு வரம்பு திரும்பி உழவும், நிலாவெளி மணல் தோட்டத்தைக் கிளறவும், பின்னேரம் பின்னால் இழுக்கும் பெட்டியை (ட்ரெய்லரை) கொளுவி விறகோ எருவோ ஏற்றவும் லான்ட்மாஸ்டர் போதும். குபோட்டா, யன்மார், சிபாங் எதுவானாலும் நமக்கு அது லான்ட்மாஸ்டர்தான். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்து, இங்கிலாந்தில் செய்து விற்கப்பட்ட இரண்டு சில்லு இயந்திரத்தின் பெயர் அது. அந்த வண்டி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

பெட்டியைக் கொளுவியதும் இது நடுவில் முறிந்து திரும்புகிற வண்டியாகிவிடுகிறது. இத்தாலியில் கோல்டோனி, அன்டோனியோ கராரோ போன்ற கம்பனிகள் திராட்சைத் தோட்டங்களுக்கென்று இடுப்பில் முறியும் சின்ன நான்கு சில்லு ட்ரக்டர்களைச் செய்கின்றன. நமக்கு அந்த இடுப்பு ஒரு கொளுக்கியாலும், அதில் செருகும் ஓர் இரும்புப் பின்னாலும் கிடைக்கிறது. அதற்கு வரும் நோய்களைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். வாங்கப் போகிற எல்லாரும் எஞ்சின் சத்தத்தைத்தான் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். எஞ்சினைப் பழுது பார்க்க ஊருக்கு ஒருவர் இருப்பார், பாட்ஸும் தேடினால் கிடைக்கும். காசைத் தின்பது கியர்ப்பெட்டி. கீழே எஞ்சினைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன்தான். ஆனால் உங்களிடம் ஒரு மணித்தியாலம் இருந்தால் அதில் அரை மணித்தியாலத்தைக் கியர்ப்பெட்டிக்கு வையுங்கள்.

கையோடு ஒரு டோர்ச், பழைய துணி, வெறும் சோடாப் போத்தல், ஸ்பனர் கொஞ்சம், சின்னக் காந்தம் ஒன்று, ஓர் அலவாங்கு கொண்டு போங்கள். அலவாங்கைக் கண்டு விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சுற்றச் சுற்ற எஞ்சின் பற்றவில்லை

டீசலைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் கொம்பிரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று அமுங்கும் இறுக்கம். டீசல் பைப்பை அடைத்துவிட்டு, அந்த இறுக்கத்தை விடுவிக்கும் டீகொம்பிரஷன் லீவரைத் தொடாமல், பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல எஞ்சின் ஓரிடத்தில் வந்து இறுகி, கையைத் திருப்பித் தள்ளும். காற்றடித்த ரியூப்பை அமுக்குவது போல இருக்கும். இறுக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் காற்று எங்கேயோ தப்பிப் போகிறது. எந்த வாசலால் போகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். எயார் கிளீனர் பக்கம் "உஸ்" என்றால் காற்று உள்ளே எடுக்கும் வால்வு. சைலன்சர் பக்கம் என்றால் புகை வால்வு. ஒயில் ஊற்றும் வாயால் என்றால் பிஸ்டனின் ரிங் அல்லது பிஸ்டன் ஓடும் லைனர் குழாய். தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்தால் எஞ்சினின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் காஸ்கெட். வால்வு என்றால் சில வேளை இடைவெளியைச் சரிசெய்தாலே போதும், அல்லது ஹெட்டைக் கழற்றி அரைக்க வேண்டும். ரிங், லைனர் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். இதில் எது என்று தெரிந்துகொண்டு விலை பேசுகிற ஆளும் தெரியாமல் பேசுகிற ஆளும் ஒரே விலைக்கு வாங்குவதில்லை.

இந்த இடத்தில் ஒரு தந்திரம் நடக்கும். ரிங் தேய்ந்த எஞ்சினில் காற்று எடுக்கும் வழியால் கொஞ்சம் ஒயில் விட்டால், அந்த ஒயில் இடைவெளியை அடைத்து, கொம்பிரஷன் ஏறி, எஞ்சின் பற்றிவிடும். மெக்கானிக் இதைச் சோதனைக்குச் செய்வார். விற்கிறவர் வேறு காரணத்துக்குச் செய்வார். எயார் கிளீனரின் பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். புது ஒயில் ஈரமாக ஒட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

கொம்பிரஷன் சரி என்றால் அப்புறம் டீசல். டீசலைத் திறந்து, டீகொம்பிரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு சுற்றும்போது, டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் நொசில் பக்கம் "கிரீக், கிரீக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். பழகிய காதுக்கு அது தவளை கத்துவது போலக் கேட்கும். சத்தம் இல்லாவிட்டால் பெரும்பாலும் லைனில் காற்று பிடித்திருக்கிறது. பில்டரில் இருக்கும் காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை விட்டு இறுக்குங்கள். பிறகு நொசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, டீசல் துள்ளி வரும் வரை சுற்றி, இறுக்குங்கள். டீசல் பீச்சும் இடத்துக்கு நேரே கையைப் பிடிக்க வேண்டாம்; பம்பின் அமுக்கத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இது பத்து நிமிட வேலை. இதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்பது நியாயமில்லை, ஆனால் விற்கிறவருக்கு இது தெரியாமல் "பம்ப் போச்சு" என்று தானே குறைத்தால் நான் தடுக்க மாட்டேன்.

டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைச் சோடாப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால், மாரி முழுக்க மூடி சரியாக இறுகாமல் வெளியில் கிடந்த வண்டி. பம்பும் நொசிலும் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கும்.

கைப்பிடியால் சுற்றும்போது பெருவிரலை மற்ற நான்கு விரலுக்கும் எதிர்ப்பக்கம் சுற்றிப் பிடிக்க வேண்டாம். ஐந்து விரலும் ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கைப்பிடி கையை விட்டுத் தப்ப வேண்டும். பெருவிரலை மடக்கிப் பிடித்து மணிக்கட்டை முறித்தவர்களை நான் இரண்டு ஊரில் பார்த்திருக்கிறேன்.

புகை

கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூட. பாரம் இழுக்கும்போது கொஞ்சம் வரலாம். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளை, குளிரில் தொடங்கும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. சூடான பிறகும் வந்து, தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் ஹெட் காஸ்கெட்டையோ வெடித்த ஹெட்டையோ நினையுங்கள்.

புகையின் நிறத்தைவிட எயார் கிளீனரைத் திறந்து பார்ப்பது எனக்கு நம்பிக்கை. ஒயில் ஊற்றும் வகைக் கிளீனரில் ஒயில் காய்ந்து, கிளீனரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் பைப்புக்குள் மணல் நெருநெரு என்றிருந்தால் அந்த வண்டி குச்சவெளி மணலைப் பல காலம் மூச்சாக இழுத்திருக்கிறது. லைனரின் நிலையைத் திறந்து பார்க்கத் தேவையில்லை.

தண்ணீர் கொதிக்கிறது

இங்கேதான் நிறையப் பேர் வீணாகப் பயப்படுகிறார்கள். சீன எஸ் 195 வகை எஞ்சின்களில் ரேடியேட்டர் இல்லாமல் மேலே திறந்த தொட்டி வைத்த வகை உண்டு. அதில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்ச்சி. வேலை நேரத்தில் ஆவி பறக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் சிவப்பு மிதப்பு இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ரேடியேட்டரும் விசிறியும் உள்ள எஞ்சின் கொதித்தால் அது வேறு கதை: அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், அல்லது உள்ளே உப்புப் படிவு.

உப்புப் படிவை நமது ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரை வருடக் கணக்காக ஊற்றி, தேத்தண்ணிக் கேத்திலின் அடியில் படிவது போல வெள்ளை ஓடு பிடித்திருக்கும். டோர்ச் அடித்துத் தொட்டிக்குள் பாருங்கள். ஓடு தடிப்பாக இருந்தால் சூடு வெளியே வராமல் லைனரிலேயே நிற்கும். அதோடு தண்ணீரின் மேல் ஒயில் பளபளப்பு இருக்கிறதா என்றும், ஒயில் அளவு பார்க்கும் கம்பியில் வெண்ணிறம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் தண்ணீரும் ஒயிலும் சந்தித்துவிட்டன.

தண்ணீர் வற்றிச் சூடேறிய எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. விற்கிறவர் உங்கள் முன்னால் அப்படிச் செய்தால், நீங்கள் இல்லாதபோதும் அப்படித்தான் செய்திருப்பார்.

எஞ்சின் தன்பாட்டில் வேகம் ஏறுகிறது

அக்சிலேட்டரைக் குறைத்தும் சத்தம் ஏறிக்கொண்டே போனால், வேடிக்கை பார்க்க நேரமில்லை. டீசல் வரும் வழியை அடைத்துவிடுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் காற்று எடுக்கும் வாயைப் பலகையாலோ தடித்த துணியாலோ மூடுங்கள், அல்லது எட்ட நின்று ஸ்பனரால் நொசில் பைப்பின் நட்டைத் தளர்த்துங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ராக் இறுகியிருக்கலாம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் ஏதோ கழன்றிருக்கலாம், அல்லது எஞ்சின் தன் ஒயிலையே எரிக்கலாம். முதலாவது சுத்தம் செய்தால் சரிவரும். எந்தக் காரணமானாலும் அன்றைக்கு அந்த வண்டியை வாங்க வேண்டாம்.

எஞ்சின் ஓடுகிறது, சில்லு ஓடவில்லை

பெட்டி நிறைய நெல் மூட்டை. கிளச்சை விட்டால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி அசையவில்லை, ரப்பர் எரிகிற மணம். எஞ்சினிலிருந்து கிளச்சுக்குப் போகும் வீ பெல்ட்கள் வழுக்குகின்றன. நடுவில் பெருவிரலால் அழுத்தினால் இரண்டு மூன்று சென்றிமீற்றர் இறங்கலாம், அதற்கு மேல் என்றால் எஞ்சினை முன்னுக்குத் தள்ளி இறுக்க வேண்டும். பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கினால் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பாரம் முழுவதும் அந்த ஒன்றில் விழும்.

பெல்ட் வழுக்கவில்லை, கிளச் வழுக்குகிறது என்றால் பாரமில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. முன் பக்கத்தை ஒரு பனையடியில் முட்டவைத்து, பெரிய கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் கிளச் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது கியர்ப்பெட்டியின் சீல் உடைந்து பிளேட்டில் ஒயில் பட்டிருக்கிறது. கிளச் மூடியின் கீழ்ப்பக்கத்தை விரலால் தடவினால் இரண்டாவதா என்று தெரிந்துவிடும்.

கியர் துள்ளுகிறது, கியர்ப்பெட்டிக்குள் சத்தம்

இதற்குத்தான் அரை மணித்தியாலம் கேட்டேன்.

சில வருடத்துக்கு முந்தி மாசி மாதம், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, தம்பலகாமத்துக்கு அங்கால் ஒரு வீட்டில் ஒரு சீன வண்டி பார்த்தேன். அரைச் சுற்றில் பற்றியது. சத்தம் மணி மணியாக. நான் எஞ்சினிலேயே மயங்கிவிட்டேன், கியர்ப்பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்து பத்து நாளில் மூன்றாம் கியர் தன்பாட்டில் வெளியே துள்ளத் தொடங்கியது. கிண்ணியாவில் ஒரு நானா கராஜ் வைத்திருக்கிறார். அவர் எதையும் பிரிக்கவில்லை. "தம்பி, ராவைக்கு இஞ்சயே நிக்கட்டும்" என்றார். காலையில் கியர்ப்பெட்டியின் அடி நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்றுத் தளர்த்திப் போத்தலைப் பிடித்தார். முதலில் வந்தது சுத்தமான தண்ணீர். முக்கால் போத்தல். அதற்குப் பிறகுதான் ஒயில், அதுவும் வெள்ளையாக. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஒயில் இல்லை தம்பி, பால் தேத்தண்ணி. சீனி போட்டாக் குடிக்கலாம்" என்றார்.

தண்ணீர் ஒயிலைவிடப் பாரம் கூடியது, இரவில் அடியில் தங்கிவிடும். அதனால் காலையில், வண்டி அசைவதற்கு முதல், அடி நட்டைத் தளர்த்தினால் முதலில் வருவது என்ன என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? சேற்று உழவுக்கு இரும்புச் சில்லு போட்டு இறக்கும்போது அச்சு சேற்றுக்குள் முங்குகிறது. அச்சின் ஒயில் சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் அதனால் நுழைகிறது. வயலில் ஒயில் வெளியே வருவதில்லை, தண்ணீர்தான் உள்ளே போகிறது. அதனால் ஒயில் ஒழுகாத கியர்ப்பெட்டி நல்ல கியர்ப்பெட்டி என்று நம்பவே வேண்டாம். சில்லின் உட்பக்கத்தில், அச்சைச் சுற்றி, நெல் வைக்கோலோ பிளாஸ்டிக் நாரோ இறுகச் சுற்றிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். சீலை வெட்டுவது அதுதான்.

பிறகு காந்தம். பிடித்த ஒயிலுக்குள் காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் வயசுக்கேற்ற தேய்வு, பரவாயில்லை. மினுமினு என்று துகளாகவோ, அரிசி நொய் போலத் துண்டாகவோ ஒட்டினால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. துண்டு கண்டால் நான் திரும்பி வந்துவிடுவேன், விலை எவ்வளவு குறைந்தாலும்.

ஒயில் புத்தம் புதிதாகப் பளிச்சென்றிருந்தால்? அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்பது விற்கிறவரின் முகத்தில் இருக்கிறது. "எப்ப மாத்தினீங்கள், ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். பழைய ஒயிலை ஊற்றிய இடத்தைக் காட்டச் சொன்னாலும் தவறில்லை.

இனி ஓட்டிப் பாருங்கள். சீன 12 குதிரைவலு வண்டிகளில் முன்னுக்கு ஆறு கியர், பின்னுக்கு இரண்டு. எட்டையும் போட்டுப் பாருங்கள். வீட்டு முற்றத்தில் இரண்டை மட்டும் போட்டுக் காட்டுவார்கள். கியர் துள்ளினால் எப்போது துள்ளுகிறது என்பதைக் கவனியுங்கள். பாரமில்லாமல், பள்ளத்தில் விழும்போது, லீவர் கொளகொள என்று ஆடி வெளியே வந்தால், கியரைப் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் களைத்திருக்கின்றன. சின்ன வேலை. ஒரே ஒரு கியர் மட்டும், பாரம் இழுக்கும்போது அடம்பிடித்துத் துள்ளினால் அந்தக் கியரின் பல் மொட்டையாகிவிட்டது. என்னுடையது இரண்டாவது வகை. அந்த வருடச் சிறுபோகத்தை வாடகை வண்டியில்தான் உழுதேன்.

கடைசியாக அலவாங்கு. வண்டியைக் கட்டையில் ஏற்றி, சில்லைத் தரையிலிருந்து எடுத்து, அலவாங்கால் கீழிருந்து நெம்பிப் பாருங்கள். அச்சு மேலும் கீழும் ஆடினால் பேரிங் போய்விட்டது. பேரிங் ஆடுகிற இடத்தில் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது.

திருப்பினால் திரும்பவில்லை, அல்லது எதிர்ப்பக்கம் திரும்புகிறது

லான்ட்மாஸ்டரில் ஸ்டீரிங் இல்லை. கைப்பிடிக்குக் கீழே இடம் வலமாக இரண்டு லீவர். இடது லீவரைப் பிடித்தால் இடது சில்லுக்கு இழுவை நிற்கும், வலது சில்லு தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். கடைசி வரை அழுத்தினால்தான் திரும்புகிறது என்றால் கம்பியைச் சரிசெய்தால் போதும். லீவரை விட்ட பிறகும் சில்லு இழுவைக்கு வராமல் வண்டி ஒரு பக்கமே சுற்றினால் உள்ளே ஸ்பிரிங் துருவேறியிருக்கும், பெரும்பாலும் மேலே சொன்ன அதே சேற்றுத் தண்ணீரால். பாரத்தில் "கட கட" என்று அடித்தால் அந்தச் சில்லின் திருப்பும் கிளச்சில் பல் வட்டமாகிவிட்டது, கியர்ப்பெட்டியைப் பிரிக்க வேண்டும். எந்த லீவரையும் தொடாமலே ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயரைப் பாருங்கள். ஒரு பக்கம் புதிது, மற்றப் பக்கம் மொட்டை என்றால் சுற்றளவு வித்தியாசம் போதும் இழுக்க. காற்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் திரும்புவது வேறு விசயம். அது பழுதே அல்ல. ஆனால் ஆளைக் கொல்லக்கூடியது. பாரம் ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டிலிருந்து இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் சில்லுதான் பெட்டியை இழுக்கும். இறக்கத்தில் பெட்டி சில்லைத் தள்ளும், எஞ்சின் இரண்டு சில்லையும் பிடித்து வைத்திருக்கும். இப்போது இடது லீவரைப் பிடித்தால் இடது சில்லு விடுபட்டு வேகமாக ஓடும், வலது சில்லு பிடித்தபடியே நிற்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். பழகாத ஆள் பயந்து இடது லீவரை இன்னும் இறுக்கமாகப் பிடிப்பார், வண்டி இன்னும் வலப்பக்கம் போகும், பெட்டி இடுப்பில் மடிந்து ஆளை நெருக்கும். இறக்கத்தில் லீவரைத் தொடாமல், இறங்குவதற்கு முன்பே சின்னக் கியருக்கு வந்து, கைப்பிடியைத் தள்ளித் திருப்புங்கள். கிளச்சையும் பிடிக்க வேண்டாம், பிடித்தால் எஞ்சினின் பிடியும் போய்விடும். சோதனை ஓட்டத்தில் இது நடந்தால் "ஸ்டீரிங் பிழை" என்று சொல்லி விலை பேசவேண்டாம், சிரிப்பார்கள்.

இடுப்பு ஆடுகிறது, பெட்டி பாம்பு போல நெளிகிறது

வண்டியும் பெட்டியும் சேரும் கொளுக்கியில் நிற்கும் பின்னைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் இடுப்புச் சிறுத்திருந்தால் மாற்ற வேண்டும். பின் போகிற துளை முட்டை வடிவமாகியிருந்தால் பின்னை மாற்றிப் பயனில்லை, துளைக்குள் புஷ் (இரும்பு வளையம்) அடிக்க வேண்டும். ஒரு வண்டியில் பின்னுக்குப் பதிலாகக் கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி, தலையை வளைத்து வைத்திருந்தார்கள். ஒரு தொன் பாரம் அந்தக் கம்பியில் தொங்கியது.

பெட்டியின் நீட்டு இரும்பு அடிப்பாகத்தில் வெல்டிங் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் அந்த இடத்தை ஸ்பனரால் தட்டிச் சுரண்டுங்கள். பிறகு பிரேக். நிறுத்தும் வேலையைப் பெரும்பாலும் பெட்டிப் பிரேக்தான் செய்கிறது, காலால் மிதிப்பது. கிரவல் ரோட்டில் நடை வேகத்தில் போய் மிதித்து, இறங்கிப் பின்னால் பாருங்கள். இரண்டு சில்லும் இழுத்த கோடு ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு கோடுதான் இருந்தால் ஒரு பிரேக்தான் இருக்கிறது.

உப்புத் தின்ற வண்டி

"இது கரைவலை இழுத்ததா? போட் ஏற்றியதா?" இந்தக் கேள்வியைக் கடற்கரையோரம் விற்கிற எந்த வண்டிக்கும் கேளுங்கள். பதில் "இல்லை" என்றுதான் வரும். வண்டி சொல்லும் பதிலைப் பாருங்கள்: சில்லு நட்டின் பல் கரைந்திருக்கும், மட்கார்டின் மடிப்புகளில் துரு செதில் செதிலாக உரியும், வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கும், டீசல் டாங்கியின் அடி விரலால் அழுத்தினால் நெளியும். வயல் வண்டியின் துரு வேறு மாதிரி, மண்ணிறமாக, மேலோட்டமாக இருக்கும். எனக்கு மண் ஒட்டிய வண்டியில் பயமில்லை. நன்றாகக் கழுவி, கிரீஸ் பூசி, பெயின்ட் அடித்து வைத்த கரையோர வண்டியில்தான் பயம்.

புத்தகம் இல்லை, கடுதாசி இருக்கிறது

எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் துணியால் துடைத்து வாசித்து, பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகள் நிறைய. மாற்றியது குற்றமில்லை, பதிவில் மாற்றாததுதான் பிரச்சினை. புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் உரித்தாளராக இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கையெழுத்து மட்டும் வைத்த வெறும் மாற்றப் படிவத்தோடு மூன்றாவது நான்காவது கை மாறி வரும் வண்டிகள் உண்டு. "ஓப்பின் பேப்பர்" என்பார்கள். பதிவில் இருக்கும் ஆளை நேரில் காணாமல் அதை வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எம்.ரி.ஏ. 6 படிவத்தை அவர் முன்னால் நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். வரி உத்தரவுப் பத்திரம் எத்தனை வருடம் கட்டாமல் கிடக்கிறது என்றும் பாருங்கள், நிலுவை உங்கள் தலையில்தான் விழும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி 1 வகுப்பு இருக்கிறதா என்பதையும் ஒருக்கா பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

தூரம் என்றால் லொறியில் ஏற்றுங்கள். ஓட்டித்தான் வரவேண்டும் என்றால் பகலில். பின் லைட் இல்லாத பெட்டியோடு ஹபரணையிலிருந்து கந்தளாய்ப் பக்கமாக வரும் ஏ 6 வீதியில் இரவில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சிவப்பு ஒளித்தகடு இரண்டை அன்றைக்கே வாங்கி ஒட்டிவிடுங்கள்.

மறுநாள் எஞ்சின் ஒயில், கியர் ஒயில் இரண்டையும் வடித்துப் புதிது ஊற்றுங்கள், விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி. டீசல் பில்டரையும் மாற்றுங்கள். பிறகு அரை மணித்தியாலம் வயலில் உழுதுவிட்டு நிறுத்தி, இரண்டு பக்கச் சில்லின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் கையை எடுக்க வைத்தால் அந்தப் பக்கம் பேரிங் அல்லது ஒயில் குறைவு. என் இப்போதைய வண்டியில் இடது பக்கம் கொஞ்சம் கூடச் சூடுதான். பேரிங்கும் சீலும் வாங்கி அலுமாரியில் வைத்து இரண்டு மாதமாகிறது, சிறுபோகம் முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.